ரெண்டு குறி ஒண்ணாகிற இடம்: மரக்காணத்துக் கழியும் தோணிக்காரர் அறிவும்

1

நமது செப்பேடுகளைப் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஓர் ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது எல்லை சொல்வதில் அவை காட்டும் நிதானத்தை வேறெதிலும் காட்டுவதில்லை. கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று தொடங்கி, இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, இன்ன புற்றுக்கு வடக்கு, இன்ன மரத்துக்குக் கிழக்கு என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போகும். பெண் யானையை நடக்கவிட்டு எல்லை சுற்றிவந்ததைச் சோழர் காலச் செப்பேடுகள் பதிந்து வைத்திருக்கின்றன. மரமும் புற்றும் பாறையும் அங்கே அடையாளங்கள். எதற்கு அடையாளம்? இதுவரை என்னுடையது, இதற்கு அப்பால் உன்னுடையது என்பதற்கு. பின்னால் வந்த வெள்ளைக்காரன் யானைக்குப் பதில் சங்கிலியைக் கொண்டுவந்தான், புற்றுக்குப் பதில் அளவைக் கல்லை நட்டான். பட்டா வந்தது, புல எண் வந்தது. அடையாளத்தின் வேலை மட்டும் மாறவில்லை.

அதே மரத்தை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். மரத்தின் நிழலில் நின்றுகொண்டு அல்ல, தண்ணீரில் நின்றுகொண்டு. தோணியில் வருகிறவருக்கு அந்த மரம் எல்லையைச் சொல்வதில்லை, வழியைச் சொல்கிறது. அவர் அதை அடையப் போவதில்லை, அது யாருடையது என்று கேட்கப் போவதுமில்லை. அது இருக்கிற திசையை வைத்து, தான் இருக்கிற இடத்தைத் தெரிந்துகொள்கிறார், அவ்வளவுதான்.

அடையாளத்தின் இந்த ரெண்டு வேலைகளில் ஒன்றுக்கு மட்டும்தான் நம்மிடம் ஆவணம் இருக்கிறது. எல்லையாகப் பயன்பட்ட மரம் செப்பேட்டில் ஏறியது, வழியாகப் பயன்பட்ட மரம் எதிலும் ஏறவில்லை. இந்த ஏற்றத்தாழ்வு வெறும் ஆவணக் குறைபாடு அல்ல. எது உரிமை, எது அறிவு என்பதைத் தீர்மானிக்கிற அதிகாரம் சம்பந்தப்பட்டது. திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணத்தை ஒட்டிக் கிடக்கும் கழியை முன்வைத்து இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

2

கழுவேலி ஏரியைச் சாலையிலிருந்து பார்த்தவர்கள் அதிகம். சுமார் 70 சதுர கிலோமீட்டர் பரப்பில் மழைக்காலத்தில் நிறைந்தும் கோடையில் வெடித்தும் கிடக்கிற அந்த நீர்ப்பரப்பு, உப்புக்கழி ஓடை வழியாக எடையன்திட்டுக் கழிமுகத்துக்குப் போய்க் கடலைத் தொடுகிறது. முகத்துவாரத்தின் வடகரையில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. கடல் ஏறும்போது உப்புத்தண்ணீர் உள்ளே வருகிறது, இறங்கும்போது வெளியே போகிறது. பெயரில் ஆறு இல்லாவிட்டாலும் நடப்பில் இது ஓதம் ஏறி இறங்குகிற ஓர் ஆறுதான்.

இதில் படகு விடுவது சுலபம் என்று கரையில் நிற்கிறவருக்குத் தோன்றும். தண்ணீர் எங்கும் ஒரே மாதிரி பளபளக்கிறது. ஆனால் அந்தப் பளபளப்பின் கீழே ஒரு இடம் ஆள் ஆழம், பத்தடி தள்ளி முழங்கால் ஆழம். அந்தப் பத்தடியும் இந்த வருஷம் இருந்த இடத்தில் அடுத்த வருஷம் இருக்காது. வடகிழக்குப் பருவமழை வெள்ளம் முகத்துவாரத்தை அறுத்துத் திறக்கும், கோடையில் அலை மணலைத் தள்ளி மூடும். ஓடுதடம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஒரு தை மாதக் காலையில் பெரியவர் ஒருவரோடு அந்தத் தடத்தில் போனேன். அறுபதைத் தாண்டியவர். சின்னத் தோணி, இயந்திரம் கிடையாது, கையில் ஒரு சவுக்குக் கழி. (நீருக்கும் கழி என்றே பேர், கோலுக்கும் கழி என்றே பேர். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதெல்லாம் கண்ணில் படும்.) கிளம்புவதற்கு முன் அவர் வெகுநேரம் உட்கார்ந்தே இருந்தார். "ஐயா, போலாமா?" என்றேன். "இருப்பா தம்பி, தண்ணி திரும்பட்டும்" என்றார். ஏறுகிற தண்ணீரில்தான் உள்ளே போக வேண்டும். ஏறும்போது தட்டினால் கொஞ்சம் பொறுத்தால் தண்ணீரே தூக்கிவிடும். இறங்கும்போது தட்டினால் ஆறு மணி நேரம் சேற்றில் உட்கார வேண்டியதுதான். இந்தக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் அமாவாசை பௌர்ணமியில்கூடச் சுமார் ஒரு மீட்டர்தான். ஆழமான துறைமுகத்தில் அது ஒன்றுமில்லை. முழங்கால் தண்ணீரில் அதுதான் எல்லாம்.

எப்போது தண்ணீர் திரும்பும் என்பதை அவர் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. "திதிக்கு ரெண்டு நாழிகை" என்றார். ஒரு நாழிகை 24 நிமிஷம், ரெண்டு நாழிகை 48 நிமிஷம். ஓதம் நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிஷம் பிந்துகிறது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ரெண்டு நிமிஷ வித்தியாசத்தை முகத்துவாரத்தின் மணல் தின்றுவிடும்.

உள்ளே நுழைந்ததும் கேட்டார்: "எதிர்ல இன்னா தெரியுது?"

"பனமரம் ஒண்ணு."

"அதுக்குப் பின்னாடி?"

தூரத்தில் ஏதோ ஊரின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. சொன்னேன்.

"ரெண்டும் ஒண்ணா கெடக்குதா, பிரிஞ்சி கெடக்குதா?"

தொட்டி பனைக்கு இடப்பக்கம் கொஞ்சம் தள்ளித் தெரிந்தது. "அப்ப நாம எடது பக்கம் ஒதுங்கிட்டோம்" என்று சொல்லிக் கழியை ஊன்றி வலப்பக்கம் தள்ளினார். தொட்டி மெல்ல நகர்ந்து பனைக்குப் பின்னால் போய் மறைந்தது. "இப்ப தடத்துல கீறோம். பின்குறி எந்தப் பக்கம் எட்டிப் பாக்குதோ அந்தப் பக்கம் நாம தப்பிட்டோம்னு அர்த்தம். அவ்ளோதான் வித்தை."

அவ்வளவுதான் இல்லை. எதுவரை அந்தக் கோட்டில் போவது? அதற்குப் பக்கக்குறி வேண்டும். பின்னால் கோட்டையின் இடிந்த மூலையும் சவுக்குத் தோப்பின் ஓரமும் ஒன்று சேருகிற கணத்தில் திரும்ப வேண்டும். ஆக, ரெண்டு கோடுகள் வெட்டிக்கொள்கிற ஒரு புள்ளி. கடலில் கட்டுமரக்காரர்கள் பாருக்குப் போவது இப்படித்தான். குமரிக் கடலோரத்தில் இதற்குக் கணியம் என்று பேரே இருக்கிறது. கழியில் இன்னும் நெருக்கமான குறிகள் உண்டு. தடத்தின் ஓரத்தில் நட்டு, ஓலையோ துணியோ கட்டிய குச்சிகள். தண்ணீரின் நிறம். காற்றில்லாத நேரத்திலும் மேட்டின் மேல் சிலிர்க்கிற சிற்றலை. கழியின் நுனி கைக்குச் சொல்லும் சேதி: சேறு வழுக்கும், மணல் கரகரக்கும், கிளிஞ்சல் நொறுங்கும். பறவைகள்கூட அளவுகோல்தான். "கொக்கு நிக்கிற எடத்துக்குத் தோணி போவக் கூடாது. பூநாரை நிக்குதுன்னா அதைவிட ஒரு சாண் ஆழம்."

நாம் பறவைகளைப் பார்க்கக் கண்ணாடியோடு போகிறோம். அவர் பறவையின் காலைப் பார்க்கிறார்.

3

எண்பதுகளில் அமைப்பியல் தமிழுக்கு வந்தபோது, தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' (1982) நூலை வைத்துக்கொண்டு நம்மில் பலர் முட்டி மோதியிருக்கிறோம். குறி தன்னளவில் அர்த்தம் கொண்டதல்ல, மற்றக் குறிகளோடு கொண்ட வேறுபாட்டால்தான் அர்த்தம் பெறுகிறது என்ற சசூரின் கருத்தை விளக்கச் சதுரங்கக் காயையும் ரயில் வண்டியையும் உதாரணம் காட்டுவார்கள். ஒற்றைப் பனை ஒன்றும் சொல்லாது, பனையும் தொட்டியும் சேர்ந்தால்தான் சொல்லும் என்பதை எடையன்திட்டில் யாரையாவது கேட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் விளங்கியிருக்கும்.

நம் மரபிலேயே அந்தச் சொல்லுக்கு இந்தச் சாயல் உண்டு. மாட்டுக்குப் போடுகிற சூடும் குறிதான். அது உடைமையின் குறி, எல்லைக் கல்லின் தங்கை. ஆனால் அகத்திணையில் குறி என்றால் தலைவனும் தலைவியும் சந்திக்கிற இடம், பகற்குறி, இரவுக்குறி. ரெண்டு பேர் வந்து சேர்ந்தால்தான் அது குறி. தானாக ஏற்பட்ட ஒரு சத்தத்தைத் தலைவனின் சைகை என்று தவறாக எடுத்துக்கொண்டு தலைவி வந்து ஏமாந்து திரும்புவதை அல்லகுறி என்றார்கள். உடைமையின் குறி ஓரிடத்தில் பதிந்து கிடப்பது. சந்திப்பின் குறியோ நேரத்தோடும் ஆளோடும் சேர்ந்து நிகழ்வது. தோணிக்காரரின் குறி ரெண்டாவது வகை. தோணி இல்லையென்றால் பனையும் தொட்டியும் ஒருபோதும் ஒன்று சேராது.

இந்தக் கரையில் அவை எத்தனை காலமாகச் சேர்ந்துகொண்டிருக்கின்றன? கி.பி. முதல் நூற்றாண்டின் 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்' இக்கரையில் மூன்று துறைகளைச் சொல்கிறது: கமரா, பொதுகே, சோபட்மா. சோபட்மாவை மரக்காணத்தோடு ஆய்வாளர்கள் பொருத்துகிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைத் தேடிப் போகும் பாணனின் வழியில் வரும் எயிற்பட்டினமும் இதுவே என்பார்கள். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் அவன் ஊர். உமணரின் பிள்ளைகளோடு மந்தி விளையாடுகிற காட்சியும் அந்தப் பாட்டில் உண்டு. உப்பை விற்று நெல்லோடு திரும்பிய படகுகள் கழியோரத்தில் குதிரைகளைப் போலக் கட்டிக் கிடந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. உப்பும் கழியும் படகும் அன்றே ஒரே வாக்கியத்தில் இருந்திருக்கின்றன. அகநானூற்றின் 255ஆம் பாடலில் மாடத்து விளக்கைப் பார்த்து மரக்கலத்தைச் செலுத்துகிற நீகான் வருகிறான். ஆனால் இவற்றிலெல்லாம் நமக்குக் காட்டப்படுவது கட்டப்பட்ட படகும் ஏற்றப்பட்ட விளக்கும்தான். இடையில் கழியை எப்படிக் கடந்தான் என்பதைப் பாட்டு சொல்லவில்லை. பாணனுக்கு நிலவழிதான் வழி. ஆற்றுப்படை என்பதே 'இப்படிப் போ' என்று குறி சொல்கிற இலக்கியம். அதுகூடத் தண்ணீரில் இறங்கவில்லை.

வெளியூர்க்காரன் ஒருவன்தான் இதை எழுதி வைத்தான். பெரிப்ளஸ் நர்மதை முகத்துவாரத்துப் பாரிகாசாவைப் பற்றிப் பேசுகிற பகுதிகள் படிக்க வேண்டியவை. ஓதம் அங்கே பயங்கரமானது. திடலும் சுழலும் நிறைந்த அந்த முகத்தில் புதியவர்கள் நுழைய முடியாது. ஆகவே அரசனின் ஊழியத்தில் இருக்கும் உள்ளூர் மீனவர்கள் பெரிய படகுகளில் வெகுதூரம் எதிர்கொண்டு வந்து, கப்பல்களைக் கயிறு கட்டி, ஏறுகிற ஓதத்தோடு இழுத்து, இறங்கும்போது ஆழமான மடுக்களில் நிறுத்தி, அடுத்த ஏற்றத்தில் மீண்டும் கிளப்பித் துறை சேர்க்கிறார்கள். ரோமாபுரித் தங்கம் இந்தியாவுக்குள் நுழைந்த வழியின் கடைசிப் பகுதி மீனவர் கையில் இருந்தது என்று அர்த்தம். வணிகத்தின் பெருங்கதையாடலில் யவனர் உண்டு, அரசன் உண்டு, மிளகு உண்டு. கயிறு கட்டி இழுத்தவனுக்கு ஒரு பத்திதான். நம் பக்கத்தில் அதுவும் கிடையாது.

4

காலனியம் இந்த அறிவை என்ன செய்தது? முதலில் தன் பேரில் எழுதிக்கொண்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் நீர்ப்பரப்பு வரைவாளரான ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க்கின் வழிகாட்டி நூல் 1809 முதல் வெளிவந்தது. இப்படிப்பட்ட நூல்களில் நம் கரை முழுக்கக் கடலிலிருந்து பார்த்த அடையாளங்களின் வரிசையாக மாறுகிறது. மாமல்லபுரம் ஐரோப்பிய மாலுமிகளுக்கு 'ஏழு கோயில்'. கோட்டையின் கொடிக்கம்பம், கலங்கரை விளக்கம், குன்று எல்லாம் திசைமானியின் பாகைகளோடு சேர்கின்றன. ஹூக்ளி ஆற்றில் இன்னும் தெளிவு. அங்கே வழிகாட்டும் பணி ஐரோப்பியர்களின் தனித் துறையாகவே அமைந்தது. அந்த ஆற்றின் பேர்போன மணல்திட்டுக்கு 'ஜேம்ஸ் அண்டு மேரி' என்று பேர், 1694இல் அங்கே மூழ்கிய கப்பலின் பெயரால். மூழ்கினவன் பேர் நின்றது. மூழ்காமல் தினமும் கடந்தவன் அதை என்ன சொல்லி அழைத்தான் என்பதை வரைபடம் கேட்கவில்லை.

அடுத்து, கழிகளை இணைத்துக் கால்வாய் வெட்டினார்கள். பேசில் காக்ரேன் 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கி வைத்தது, பிறகு அரசாங்கத்தின் கைக்கு வந்து, வடக்கே பெத்தகஞ்சம் வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் சுமார் 420 கிலோமீட்டர் நீண்டது. சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு 1877-78இல் தோண்டப்பட்டது, தாது வருஷப் பஞ்சத்தில். ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டுக் கொடுத்த காலம் அது. தோண்டினவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கால்வாய்க்கு கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பேர் வைக்கப்பட்டது.

கரை கட்டிய கால்வாயில் குறி எதற்கு என்று கேட்கலாம். கால்வாய் முழுக்கக் கால்வாய் அல்ல என்பதுதான் விஷயம். கோவளம் கழி, பாலாற்று முகம் என்று ஒவ்வொரு முகத்துவாரத்திலும் வெட்டிய வாய் வந்து முடிந்து, எதிர்க்கரையில் மறுபடி தொடங்குகிறது. நடுவில் கிடப்பது நகரும் மணலும் ஓதமும். அங்கே பொறியாளரின் நேர்கோடு நின்றுவிடும், தோணிக்காரரின் பனையும் தோப்பும்தான் அக்கரை சேர்க்கும். மரக்காணத்து உப்பும், இந்தக் கரையின் சவுக்கு விறகும் சென்னைக்குப் போனது இப்படித்தான். சென்னையின் அடுப்பெரிந்ததற்குப் பின்னால் இந்த அறிவு இருந்தது.

1934இல் பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாயில் மாமல்லபுரம் போனார். 'மாவலிபுரச் செலவு' அதன் விளைவு. பனையும் ஈந்தும் கைகோத்துக் கொஞ்சுவதைப் பார்க்கிறார், நிலவு எழுவதைப் பார்க்கிறார். கடைசியில், தொழிலாளியின் தோள் இல்லாமல் உலகில் யாரும் இன்பக்கரை ஏற முடியாது என்ற இடத்துக்கு வந்து சேருகிறார். முப்பதுகளின் தமிழ்க் கவிதையில் இது பெரிய காரியம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் பார்த்தது தோளை. தலையைப் பார்க்கவில்லை. கவிஞருக்குக் காதலர்களாகத் தெரிந்த பனையும் ஈந்தும் படகுக்காரருக்கு வேறெதுவாகத் தெரிந்திருக்கலாம் என்ற கேள்வி கவிதையில் எழவில்லை. மார்க் ட்வெய்ன் மிசிசிப்பியில் படகு வழிகாட்டியாக இருந்தவர். ஆற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டதும் அதன் அழகை இழந்துவிட்டேன் என்று 1883இல் எழுதினார். அழகையும் அறிவையும் அப்படிப் பிரிக்க வேண்டுமா என்பது வேறு விஷயம். உழைப்பவனின் உடலுக்கு இரங்குவது எளிது, அவன் மூளையை ஒப்புக்கொள்வதுதான் கஷ்டம். நமது முற்போக்கு மரபின் குறையும் இதுதான்.

இந்த அறிவு இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்ட ஒரே துறை உப்புத் துறை, குற்றமாக. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் ஏகபோகம் ஆயிற்று. 1815 ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு நாலு லட்சம் சிக்கா ரூபாய் கொடுத்து, புதுச்சேரி உள்ளிட்ட பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பையும் கம்பெனி தன் கைக்குள் கொண்டுவந்தது. அதற்குப் பின் சேற்றில் தானாக விளைந்த உப்பை அள்ளினாலும் குற்றம். அப்படியொரு சட்டத்தின் கீழ், எந்த ஓடை எந்த நேரத்தில் எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்தவன் வழிகாட்டி அல்ல, சந்தேகத்துக்குரியவன். சரக்குப் படகில் அவன் அறிவு சேவை. அதே மனிதன் ராத்திரியில் தனியாகப் போனால் அதே அறிவு கடத்தல். ஃபூக்கோவை மேற்கோள் காட்டாமலே அதிகாரமும் அறிவும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதை இந்தச் சேற்றில் காணலாம்.

5

இந்த இடத்தில் என்னை நானே நிறுத்திக்கொள்கிறேன். 'மக்கள் அறிவு' என்று சொன்னதும் நமக்கு வந்துவிடும் பரவசம் ஆபத்தானது. கழியின் குறிகளும் சாதியின் நிலத்தில்தான் நடப்பட்டிருக்கின்றன.

நீர்வழி ஊரைப் பின்னாலிருந்து பார்க்கிறது. சாலையில் போனால் கோபுரமும் தேரடியும் முன்னால் வரும். கழியில் போனால் சுடுகாடு, உப்பளக் கொட்டகை, சேரியின் கடைசிக் கூரை. ஆக, படகின் குறிப் பட்டியலில் கோபுரமும் சுடுகாட்டுப் புளியமரமும் சமமாக நிற்கின்றன. இதில் ஒரு சமத்துவம் இருக்கிறது என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் குறிகளைப் பார்க்கிற தோணியில் யார் ஏறலாம் என்பதில் அந்தச் சமத்துவம் இல்லை. தோணியும் வலையும் உள்ளவர்களின் தடம் ஒன்று. தோணியே இல்லாமல், இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கடித்த ஓலைப் பறியில் போடும் இருளர்களின் தடம் வேறொன்று. அவர்கள் பாதத்தால் படிக்கிறார்கள். உப்பளத்துக்கு விடிகாலையில் ஓடை தாண்டிப் போகிற பெண்களுக்கு எந்தத் திதியில் எந்த வரப்பு முழுகும் என்று தெரியும். பெரியவரிடம் இதைக் கேட்டபோது, "அவங்களுக்கு இன்னா, நடந்து போறவங்க" என்று சொல்லிவிட்டார். விளிம்புக்கும் ஒரு விளிம்பு உண்டு. 'பாரம்பரிய மீனவர் அறிவு' என்று ஒருமையில் எழுதும்போது நாமும் ஒரு அளவைக் கல்லை நட்டுவிடுகிறோம்.

6

சரக்குப் படகுகள் போய்விட்டன. 1870களிலேயே திண்டிவனம் வழியாக ரயில் வந்தது. பிறகு சாலையும் லாரியும். 1965, 66 புயல்களுக்குப் பின் கால்வாய் மீளவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை 1998இல் திறந்தபின், மரக்காணம் என்றால் ரெண்டு பக்கமும் உப்பளம் பளபளக்க வேகமாகக் கடந்துபோகிற ஓர் இடம். அழிந்த கால்வாயையும் சேர்த்து 2008இல் 'தேசிய நீர்வழி 4' என்று அறிவித்தார்கள். காகிதத்தில் அது காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை போகிறது. பாரதிதாசனும் தன் பாட்டில் கால்வாயைப் புதுச்சேரி வரை நீட்டித்தான் பாடினார். ரெண்டும் கற்பனைதான். கவிஞருக்கு உரிமை உண்டு.

குறிகளும் போகின்றன. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இந்தக் கரையின் மரங்களைச் சாய்த்தது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறி, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. இவ்வளவு தண்ணீர் கடலுக்கு இறங்கும்போது முகத்துவாரம் முன்பு இருந்ததுபோல் இருக்காது. பனை நிற்கிறது, தொட்டி நிற்கிறது, ரெண்டும் ஒன்றாகவும் சேர்கின்றன. ஆனால் கீழே தடம் இல்லை, மணல். இதுதான் அல்லகுறி. பழைய குறியை நம்பினவன் தட்டி நிற்பான். செல்பேசியின் செயற்கைக்கோள் புள்ளியும் இந்த விஷயத்தில் பனையைவிட மேலில்லை. அது நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லும், மணல் எங்கே இருக்கிறது என்று சொல்லாது.

இயற்கை அழித்த குறிகளைத் தோணிக்காரர்கள் திரும்ப உண்டாக்கிக்கொள்வார்கள். ஒரு மழைக்காலம் போதும். சட்டம் அழிக்கிற குறிகளை என்ன செய்வது என்பதுதான் நம் கேள்வி. 2021இல் கழுவேலியில் 5,000 எக்டேருக்கு மேல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. முகத்துவாரத்தின் ரெண்டு பக்கமும், ஆலம்பரைக் குப்பத்திலும் அழகன்குப்பத்திலும் மீன்பிடித் துறைமுகம் கட்டும் திட்டம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. பறவைகளுக்காகப் பேசினவர்கள் இருந்தார்கள், துறைமுகத்துக்காகப் பேசினவர்கள் இருந்தார்கள். ரெண்டும் தேவையான பேச்சுதான். நான் கேட்பது சிறிய கேள்வி: இந்தத் தண்ணீரில் போகிற வழி யாருடையது?

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலய எல்லைக்குள் யாருக்கு என்ன உரிமை என்று விசாரிக்கச் சொல்கிறது. ரெண்டு மாதத்துக்குள், எழுத்தில், உரிமையின் தன்மையையும் அளவையும் குறிப்பிட்டுக் கோர வேண்டும் என்பது அதன் 21ஆம் பிரிவு. பட்டா வைத்திருப்பவர் புல எண்ணை எழுதலாம். 'கோட்டை மூலையும் தோப்பு ஓரமும் சேருகிற இடத்திலிருந்து, பனையும் தொட்டியும் பிரியாத வரை, தண்ணீர் ஏறுகிற நேரத்தில் எங்கள் வழி' என்று எழுதினால் எந்த அலுவலர் ஏற்பார்? 2011இன் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை மீனவர்களின் பொதுச்சொத்துகளை வரைபடத்தில் காட்ட வேண்டும் என்றது. வலை உலர்த்தும் இடம், ஏலக்கூடம், படகு நிறுத்தும் கரை எல்லாம் பரப்புகள், எல்லை போடலாம். வழி பரப்பு அல்ல. அது நேரத்தோடு சேர்ந்தது, வருஷத்துக்கு வருஷம் நகர்வது. செப்பேட்டில் தொடங்கி இன்றுவரை நம் சட்டத்தின் கண்ணுக்கு அடையாளம் என்றால் எல்லைதான். ஆகவே எல்லை வைத்திருப்பவனுக்கு உரிமை, வழி வைத்திருப்பவனுக்கு அதிகபட்சம் அனுமதி. அனுமதியைத் திரும்ப வாங்கிவிடலாம்.

எனவே இந்தக் குறிகளை எழுதி வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஊர் ஊராக, தடம் தடமாக. தோணிக்காரர் சொல்வது, கையால் இறால் துழாவுகிறவர் சொல்வது, உப்பளத்துக்குப் போகிற பெண்கள் சொல்வது, மூன்றையும் தனித்தனியாக. நாட்டார் வழக்காற்றுச் சேகரிப்பாக அல்ல, சாட்சியமாக. இதில் இருக்கிற சிக்கல் எனக்குத் தெரியாமல் இல்லை. எழுதிய கணத்தில் நகரும் தடம் உறைந்துபோகிறது. ஹார்ஸ்பர்க் செய்ததும் எழுதி வைத்ததுதான், உப்புத் துறைக்குப் பயன்பட்டதும் இந்த மாதிரித் தகவல்தான். யார் கையில் போய்ச் சேரும் என்பதை எழுதுகிறவன் தீர்மானிக்க முடியாது. எழுதாமல் விட்டாலோ, இருந்ததற்கே தடயம் இருக்காது.

திரும்பி வரும்போது இந்தக் குழப்பத்தைப் பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் கழியைத் தூக்கி நுனியில் ஒட்டிய சேற்றைத் தண்ணீரில் அலசினார்.

"எழுதிக்கோ தம்பி, வேணாம்னு சொல்லல. ஆனா ஒருவாட்டி எழுதிட்டுப் போய்ட்டா பிரயோசனம் இல்ல. மழை முடிஞ்சி வருஷா வருஷம் வந்து திருத்தணும். வருவியா?"

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தனியாக வந்தால் போதாது.